முன் எஃப், பின் எஃப்: தேயிலைத் தரப் பெயர்களும் சி மொழிச் சார்புகளும்

கணினி நிரலில் ஒரு சார்புக்கு ஏன் வாயில் நுழையாத பெயர் வைக்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தவர்கள் எல்லோரும் சி மொழி பிறந்த நியூ ஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடத்தையே சுற்றி வந்தார்கள். விடை கிடப்பது இலங்கையின் கொத்மலையில், ஸ்டோர் என்று சொல்லப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் சல்லடைக்கு அடியில். இதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

களத் தெரிவுக்குக் காரணம் உண்டு. கொத்மலைச் சமூக வானொலி தொடங்கியது 1989இல். நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி, அவர்களுக்கு விளங்கும் மொழியில் ஒலிபரப்பும் வேலையைத் தொண்ணூறுகளின் கடைசியிலேயே ஆரம்பித்த நிலையம் அது. சி மொழிக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் வந்ததும் அதே 1989. தற்செயல் என்பார்கள் சிலர். அவர்கள் ஆய்வாளர்கள் அல்லர்.

இனி முதன்மைச் சான்று. சி மொழியில் திரையில் எழுத்தைக் காட்டும் சார்பு 'பிரிண்ட்எஃப்'. கடைசியில் நிற்கும் எஃப், 'ஃபார்மேட்டட்'. அதையே ஒரு கோப்பில் எழுத வேண்டுமானால் 'எஃப்பிரிண்ட்எஃப்'. முன்னால் வந்து ஏறிய எஃப், 'ஃபைல்'. இப்போது ஸ்டோருக்குள் வாருங்கள். பி.ஓ.பி.எஃப். என்ற தேயிலைத் தரப் பெயரின் கடைசி எஃப், 'ஃபேனிங்ஸ்', அதாவது சல்லடையில் இறங்கும் சிறு துகள். துளிர் நுனி சேர்ந்த வகை என்றால் முன்னால் 'ஃபிளவரி' என்று இன்னோர் எஃப் போட்டு எஃப்.பி.ஓ.பி.எஃப். ஆக்குவார்கள். இரண்டு இடத்திலும் முன் எஃப்புக்கும் பின் எஃப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு இடத்திலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இதைக் கேட்டால், கேட்டதற்காகவே ஒரு மாதிரி பார்க்கப்படுகிறார். நடுவிலுள்ள ஓ, அதாவது 'ஆரஞ்ச்', தோடம்பழத்துக்கு எந்த வகையிலும் உறவில்லை. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிற கோப்பைத் திறப்பதற்கும் 'கிரியேட்ஃபைல்' என்ற சார்பையே கூப்பிட வேண்டியிருப்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

உயரக் கோட்பாடு அடுத்தது. மேல்நாட்டு ஸ்டோர்களில் பெரும்பாலும் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். இரண்டாயிரம் அடிக்குக் கீழே இறங்கினால் 'எஃப்.பி.ஓ.பி.எஃப். எக்ஸ்ட்ரா ஸ்பெஷல்' வரை பெயர் வளர்ந்துவிடுகிறது. நிரலில் நேர்மாறு. இயந்திரத்துக்கு அருகே கிடக்கும் சி மொழியில் எல்லாம் குட்டை. மேலே ஏறி ஆப்ஜெக்டிவ்-சி போனால், ஒரு சொல்லை மாற்றுவதற்கு 'ஸ்ட்ரிங்பைரிபிளேசிங்அக்கரன்சஸ்ஆஃப்ஸ்ட்ரிங்' என்று மூச்சு வாங்க வேண்டும். ஆகவே நிரலாளர்கள் மலையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்பது உறுதியாகிறது.

குட்டைப் பெயர்களுக்குத் தோட்டத்தில் தனிச் சட்டமே உண்டு. சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், அரைப்பேர்தான் விழும். அன்றைக்குப் பாதிச் சம்பளம். சொற்சரத்தை நகலெடுக்கும் சார்புக்கு எஸ்.டி.ஆர்.சி.பி.ஒய். என்று ஆறெழுத்து மட்டும் போட்டதும் அரைப்பேர்தான். வேலை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கிறார்கள். நாள் முழுக்க மலையில் நின்று அரைப்பேர் வாங்கியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

நிர்வாகத் தரப்பு நியாயமும் பதிவாக வேண்டும். வெளியிலிருந்து கூப்பிடும் பெயரின் முதல் ஆறெழுத்துக்கு மட்டுமே 1989ஆம் ஆண்டுத் தர நிர்ணயம் உத்தரவாதம் தந்தது. அதற்குப் பிந்திய எழுத்துகளைப் பழைய கணினிகள் கண்டுகொள்ளாமல் போகலாம். சரி. ஆனால் 1971லேயே யூனிக்ஸ் இயங்குதளத்தில் இருந்த, கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' சார்பின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி 'ஈ' இல்லை. சேர்த்திருந்தாலும் ஆறெழுத்துதானே! யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சனிடம் கேட்டபோது, அந்த 'ஈ'யைப் போடுவேன் என்றாராம். வெட்டிய பேரைத் திருப்பிப் போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன நிர்வாகம் இவ்வாய்வில் வேறு அகப்படவில்லை. சொன்னாரே தவிர, யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் அதற்கு இன்றைக்கும் அரைப்பேர்தான்.

பொய்யில்லாத பெயர் ஒன்றாவது உண்டா என்று கடைசியாகத் தேடினோம். ஸ்டோரில் 'டஸ்ட்' கிடைத்தது: தூசு, தூசு என்றே பெயர். சி மொழியில் அதற்கு இணையாக 'எக்ஸிட்': வெளியேறு என்றால் வெளியேறுகிறது. மகிழ்ச்சியோடு கட்டுரையை முடிக்கப் போகையில், யூனிக்ஸில் முன்னால் ஓர் அடிக்கோடு போட்ட இன்னோர் 'எக்ஸிட்' இருப்பதும், அது வேறு மாதிரி வெளியேறுவதும் தெரியவந்தது. ஸ்டோரில் விசாரித்தால், அங்கேயும் டஸ்ட் வேறாம், டஸ்ட் நம்பர் ஒன் வேறாம்.