எரியாத அடுப்புக்கு எருமைக் கறுப்பு

இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது வெள்ளைச் சட்டையின் முழங்கையில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. துடைத்தேன். முழங்கையில் இருந்தது உள்ளங்கைக்கும் வந்தது. உள்ளங்கையிலிருந்து மூக்குக்கு எப்போது போனது என்று தெரியாது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த குழந்தை பார்த்த பார்வையில்தான் தெரிந்தது. பெயின்ட் அடித்து இன்றோடு 19 நாள்.

வார்ப்பிரும்புக் கணப்படுப்புக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிப்பது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் வீடு கிழக்கு லண்டனில், 1890களில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. அந்தக் காலத்தில் இங்கே அறைக்கு ஒரு கணப்படுப்பு, அதில் நிலக்கரி. 1952 டிசம்பரில் ஐந்து நாள் கரிப்புகையும் பனியும் சேர்ந்து ஊரை மூடி ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. 1956இல் புகைக்குச் சட்டம் போட்டார்கள். அப்புறம் கேஸ் வந்தது, ரேடியேட்டர் வந்தது, கணப்படுப்பைப் பலகை வைத்து அடைத்தார்கள். நிம்மதியாக இருந்தது. பலகையை மனைவி தட்டிப் பார்த்து, "உள்ளே ஏதோ இருக்குங்க" என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை வரை.

இருந்தது. மார்பளவு உயரம், மேலே வளைவு, இரண்டு பக்கமும் பூவேலை. பூவா, காலிஃபிளவரா என்று தெரியாத அளவுக்கு அதன்மேல் ஐந்து கோட் பெயின்ட்.

"ஆளைக் கூப்பிடலாமா?"

"ஆள் 300 பவுண்டு கேட்பான். டப்பா 20 பவுண்டு" என்றேன். அதாவது, அந்த நிமிஷமே 280 பவுண்டு சம்பாதித்துவிட்டேன். உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை, நீங்களும் இப்படிச் சம்பாதித்தவர்தான்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உப்புத்தாளை வைத்துக் காயக்காயத் தேய்க்கக்கூடாது. பெயின்ட் நீக்கும் களிம்பு தடவி, ஊறவிட்டு, பட்டி பிளேடால் சுரண்டவேண்டும். இரண்டு சனி, ஞாயிறு சுரண்டினேன். பூதான். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினேன். காபி குடித்துவிட்டு வருவதற்குள் மொத்தமும் துரு பூத்து, ரசப்பொடி தூவியதுபோல் நின்றது. மறுபடி தேய்த்தேன். போகட்டும், இதெல்லாம் சின்ன விஷயம்.

கடைக்குப் போனேன். "கறுப்பு பெயின்ட்" என்றேன். கடைப் பையன், "எந்தக் கறுப்பு?" என்று ஒரு அட்டையை நீட்டினான். ஆறு கட்டம். ஆறும் கறுப்பு. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கறுப்பில் எத்தனை வகை என்று எனக்கா பாடம்? காக்கைக் கறுப்பு தெரியுமா அவனுக்கு? அதிலேயே கழுத்தோரம் சாம்பல் கலந்தது ஒன்று, கலக்காத அண்டங்காக்கை ஒன்று. எள்ளுக் கறுப்பு வேறு, நாவற்பழக் கறுப்பு வேறு. பின்னது ஊதாவை ஒளித்துவைக்காது. புளியங்கொட்டை கறுப்பே இல்லை என்று எங்கள் பெரியப்பா சாகும்வரை வாதாடினார். இருப்புச்சட்டியின் அடிக் கறுப்பு கையில் ஒட்டும், தோசைக்கல்லின் நடுக் கறுப்பு ஒட்டாது, முப்பது வருஷ எண்ணெய் குடித்தது. மூலவருக்கு எண்ணெய்க்காப்பு சாத்திய கறுப்பைப் பார்த்தால் கை தானாகக் குவியும், அதே கருங்கல் அம்மியாகக் கொல்லைப்புறம் கிடந்தால் வேறு கறுப்பு. பழைய குடைக்கு வருகிற பச்சையோடிய கறுப்பு. முன்சீப் கோர்ட் வக்கீல் கோட்டுக்கு வருகிற செம்பட்டைக் கறுப்பு. குழந்தை கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டு. பெண் பார்க்கிற இடத்தில் இந்த வகைகள் எல்லாமே 'மாநிறம்' ஆகிவிடும் என்பது தனிக் கதை.

"மேட்டா, சாட்டினா?" என்றான்.

அதுவும் எங்களிடம் உண்டப்பா. குளத்திலிருந்து இப்போதுதான் எழுந்துவந்த எருமை சாட்டின். வெயிலில் நின்று காய்ந்த எருமை மேட். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? "மேட்" என்றேன்.

அத்தோடு விட்டானா? "கணப்படுப்பா? அப்போ இதுதான் வேண்டும். 600 டிகிரி தாங்கும்" என்று இன்னொரு டப்பாவைக் கொடுத்தான். 600 டிகிரி! எங்கள் வீட்டில் அதிகபட்ச சூடு, ரேடியேட்டரைக் குறைத்துவை என்று நான் சொல்லும்போது வருவதுதான். ஆனாலும் பெரிய எண்ணைப் பார்த்தால் நமக்கு வாங்காமல் இருக்க முடியாது.

மூன்று கோட் அடித்தேன். பார்க்க எருமை மாதிரியே, அத்தனை அழகு. பத்தாம் நாளும் கையில் ஒட்டியபிறகுதான் டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். இந்த வகை பெயின்ட் சூட்டில்தான் முழுசாக இறுகும். அடித்த பிறகு சின்னதாக நெருப்பு மூட்டவேண்டும், அப்புறம் கொஞ்சம் பெரிதாக. எங்கள் புகைபோக்கியின் மண்டையில் மூடி. நடுவில் யாரோ அடைத்துவைத்த செய்தித்தாள். ஏரியாவோ புகைக் கட்டுப்பாட்டு ஏரியா. ஆக, நெருப்பைத் தாங்குவதற்காக வாங்கிய பெயின்ட் நெருப்பில்லாமல் காயாது.

அம்மாவிடம் வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினேன்.

"என்னடா இது?"

"அடுப்பும்மா. குளிர்காயற அடுப்பு."

"அடுப்புக்கு எதுக்குடா பெயின்டு? எரியுமா?"

"எரியாது. அழகுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை, அம்மா கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருடா உள்ளே?"

திரும்பினேன். ஜன்னல் வழியாக வந்த பக்கத்து வீட்டுப் பூனை, வெள்ளைப் பூனை, கணப்படுப்புக்குள் சுருண்டு படுத்திருந்தது.

"அடுப்புல பூனை தூங்குற நிலைமைக்கு வந்துட்டீங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதா? உங்கப்பா பென்ஷன் போன வாரம்தான் வந்துச்சு" என்றாள். குரல் கம்மிவிட்டது.

பணம் வேண்டாம் என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் பூனை எழுந்து, சோம்பல் முறித்து, சோபா வழியாக நடந்து போயிருந்தது. சோபா கிரீம் கலர். பூனை இப்போது மாநிறம்.