முதலில் சுங்கச்சாவடி, பிறகு சாலை

தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பேயிலிருந்து வடக்கே குஜந்துக்குப் போக வேண்டுமானால் குறுக்கே மலை நிற்கும். அன்சோப் கணவாயின் உயரம் சுமார் 3,370 மீட்டர். பனிக்காலம் வந்தால் மாதக்கணக்கில் மூடிக்கொள்ளும். சோவியத் காலத்தில் உஸ்பெகிஸ்தான் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் அது அயல்நாடானது, எல்லையில் விசா முளைத்தது, கண்ணிவெடியும் முளைத்தது. நாட்டின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் போக மலையைக் குடைவதைத் தவிர வேறு வழியில்லை. ஈரான் பணம் தந்தது, ஈரான் கம்பெனியே குடைந்தது. சுரங்கத்தின் நீளம் 5 கிலோமீட்டர்.

2006 ஜூலையில் தஜிக் அதிபரும் ஈரான் அதிபரும் வந்து திறந்துவைத்தார்கள். விழா முடிந்தது. சுரங்கம்தான் முடியவில்லை.

தலைவர்கள் கார் ஏறிப் போன பிறகு உள்ளே நுழைந்தவர்களுக்குத்தான் தெரியும், எதைத் திறந்துவைத்தார்கள் என்று. விளக்கு கிடையாது. காற்றை வெளியேற்ற உருப்படியான ஏற்பாடு கிடையாது. மலை கசிந்து தரையெல்லாம் தண்ணீர். அதற்கடியில் எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்பது சக்கரம் இறங்கினால்தான் தெரியும். எதிரே லாரி வருகிறதா என்று டீசல் புகைக்குள் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் வண்டி நின்றுபோனால் பின்னால் நிற்பவர்கள் எல்லோருக்கும் மூச்சுமுட்டல் இலவசம். ஓட்டுநர்கள் அதற்கு மரணச் சுரங்கம் என்று பேர் வைத்தார்கள். பல ஆண்டுகள் அப்படியேதான் கிடந்தது. நல்ல அரசாங்கம்: பனிச்சரிவில் சாகப் பயந்தவர்களுக்குப் புகையில் சாக மாற்று ஏற்பாடு செய்துகொடுத்தது.

அப்படியானால் அந்தச் சாலையில் எதுவுமே ஒழுங்காக நடக்கவில்லையா? நடந்தது. 2010 ஏப்ரலில் சுங்கச்சாவடிகள் வந்தன. அவற்றில் விளக்கு எரிந்தது. தடுப்புக்கம்பம் பழுதில்லாமல் ஏறி இறங்கியது. துஷான்பே முதல் உஸ்பெக் எல்லையிலுள்ள சனாக் வரை, அந்த இருட்டுக் குகையும் சேர்த்து, காசு கொடுத்தால்தான் வழி.

வசூலிக்கும் கம்பெனி இன்னோவேடிவ் ரோடு சொல்யூஷன்ஸ். எந்த ஊர்க் கம்பெனி? பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவானது. அந்தத் தீவுகளின் தலைநகருக்கு ரோடு டவுன் என்று பேர் (இதை நான் கற்பனை செய்யவில்லை, வரைபடத்தில் இருக்கிறது). கரீபியன் கடல் தீவுக்கும் பாமிர் பக்கத்து மலைக்கும் என்ன உறவு என்று கேட்கக் கூடாது. முதலாளி யார் என்றும் கேட்கக் கூடாது. ஊர்வாய் தஜிக் அதிபரின் குடும்பத்தைக் காட்டுகிறது. இல்லையென்றால் யாருடையது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லத்தான் ஆளில்லை.

சாலையைப் போட்டதாவது அந்தக் கம்பெனியா? அதுவும் இல்லை. சீன வங்கி கொடுத்த சுமார் 28 கோடி டாலர் கடனில், சீனக் கம்பெனி போட்டது. கடனை அடைப்பது தஜிக் அரசு. அரசுக்கு ஏது பணம்? இளைஞர்கள் லட்சக்கணக்கில் ரஷ்யாவுக்குப் போய்க் கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறார்கள். 2013 வாக்கில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய பாதி. அந்தப் பணத்தில் மனைவி மாவு வாங்கினாலும் அதில் வரி, வரியில் கடன் தவணை. கடன் மக்கள் தலையில், வசூல் தீவில். ரஷ்யாவில் செங்கல் சுமப்பவன் விடுமுறைக்கு ஊர் வந்து, வாடகைக் காரில் ஆறு பேரோடு நெருக்கி உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது, தன் கடனில் போட்ட சாலைக்குத் தானே சுங்கமும் கட்டுகிறான். பகல் கொள்ளைக்காரன்கூட ஒரே பையை இரண்டு தடவை அறுக்க வெட்கப்படுவான்.

இப்படி ஆள்பவருக்குத் தேசத்தின் தலைவர் என்று சட்டம் போட்டே பட்டம் சூட்டியிருக்கிறார்கள். 2016இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் தேர்தலில் நிற்கலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள். ஆளட்டும். ஆனால் சாவடியில் கிழித்துக்கொடுக்கும் ரசீதில் ஒரு வரி கூடுதலாக அச்சடிக்கச் சொல்லுங்கள்: இந்தப் பணம் யாருக்குப் போகிறது, பெயரென்ன?