மணி – புதுசு உறவுநிலை: கதவிடுக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

வளைகுடாத் தமிழர் குறித்து நிறைய எழுதியாயிற்று. ஆனால், ஏற்கெனவே ஒரு பூனை குடியிருக்கும் ஃபிளாட்டுக்குள் தெருக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது பற்றி நம் புலவர் பெருமக்கள் வாயே திறக்கவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. ஆய்வுக்களம்: ஷார்ஜா அல் நஹ்தாவில் ஒரு ஹால், இரண்டு பெட்ரூம். காலம்: ஜூலை மாதத்துப் பதினேழு நாட்கள். நிதி நல்கை: ஆய்வாளனின் சம்பளம், அவனைக் கேட்காமல்.

முதலில் சொல்லாராய்ச்சி. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்தில் வெருகு, எலி, அணில் முதலியவற்றுக்குக் 'குட்டி' உரியது என்கிறது. வெருகு என்பது காட்டுப்பூனை. பூனையையும் எலியையும் ஒரே நூற்பாவுக்குள் குடிவைத்தும் அங்கே கைகலப்பு நேர்ந்ததாக எந்த உரையாசிரியரும் குறிக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டும் பூனையாக இருந்தே நேர்ந்தது.

ஆய்வுப்பொருள் ஒன்று, மணி. பெண், வயது நான்கு. பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற பழஞ்சிக்கலை என் மனைவி பெயரிலேயே தீர்த்துவிட்டாள். ஆய்வுப்பொருள் இரண்டு, ஏழெட்டு வாரக் குட்டி. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒரு நிசான் சன்னியின் என்ஜினுக்கடியிலிருந்து நாத்தூர் (பில்டிங் காவலாளி) ஒரு டார்ச்சையும் அரை டின் டூனாவையும் வைத்து வெளியே வரவழைத்தது. ரூமுக்குப் புதிதாக வருகிறவனைப் பழைய ஆட்கள் கூப்பிடுகிற மாதிரி "புதுசு" என்றே அதை அழைத்தோம். விசா அடித்த பிறகு பெயர் வைக்கலாம் என்று ஏற்பாடு.

இனி மண்ணுரிமை. 2007-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று 979 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டது. உலகத்து வீட்டுப்பூனைகளெல்லாம் மேற்காசியக் காட்டுப்பூனையின் வாரிசுகள் என்றும், சவூதி, அமீரகம், இஸ்ரேல் பாலைகளில் இன்றும் திரியும் காட்டுப்பூனைகளே அவற்றுக்கு நெருங்கிய சொந்தம் என்றும் அது கண்டது. மறு ஆண்டே உலகப் பூனைக் கூட்டமைப்பு, வளைகுடாத் தெருக்களில் வளர்ந்த பூனைகளை 'அரேபியன் மாவ்' எனத் தனி இனமாக ஒப்புக்கொண்டது. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டாரான இந்த நாட்டில் நானும் மனைவியும் மகளும் விசாவில் இருக்கிறோம். வேலை தேடி வந்த மைத்துனன் விசிட் விசாவில் இருக்கிறான். ஃபிளாட்டில் பூர்வகுடி என்று சொல்ல அவை இரண்டுதான். யார் முதலில் வந்தது என்ற தகராறும் அவை இரண்டுக்கும்தான். இத்தனைக்கும் மணி நான்கு வருடத்துக்கு முன் இதே பில்டிங்கின் கச்சரா டப்பாவுக்குப் பின்னால் கிடந்தவள். ஏ.சி. காற்று ஞாபகத்தை எப்படி அரிக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

முறையியலுக்கு வருவோம். கால்நடை டாக்டர் வகுத்துத் தந்தது இது: இரண்டு வாரம் தனி அறை. முதலில் வாசனை, பிறகு சத்தம், கடைசியில்தான் முகம். தனி அறை என்பது மைத்துனனின் அறை. அவன் மறுத்தான். 2021 ஆகஸ்டில் துபாய் தேராவில் பால்கனியிலிருந்து விழுந்த கர்ப்பிணிப் பூனையை விரிப்பை விரித்துப் பிடித்துக் காப்பாற்றியதற்காக, துபாய் ஆட்சியாளர் ஷேக் முகம்மது நால்வருக்குத் தலைக்கு 50,000 திர்ஹம் கொடுத்த செய்தியை எடுத்துச் சொன்னேன். உடனே கட்டிலடியைக் காலி செய்து கொடுத்தான். அதன்பின் அடிக்கடி குட்டியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவு, நாற்காலி, நம் முழங்கால் என்று அது கன்னத்தைத் தேய்ப்பது கொஞ்சல் மட்டுமல்ல, பட்டா போடுவதும்தான். ஆகவே என் ஈரோட்டுத் துண்டு ஒன்றைக் குட்டியின் கன்னத்தில் தேய்த்து மணியின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரித்தோம். மணி மோந்தாள். மேலுதட்டைச் சுருக்கி, வாயை அரைவாசி திறந்து, கெட்டுப்போன சாம்பாரைக் கண்ட மாமியார் போல அப்படியே நின்றாள். அது அருவருப்பு அல்ல. அண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வாசனையை ஏற்றுகிறாள். அடுத்து அவள் செய்ததற்கு அந்தச் சலுகை கிடையாது. துண்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டி, இல்லாத மணலை அள்ளி அள்ளி மூடினாள்.

கழிவுமண் பெட்டிக்கும் ஒரு சூத்திரம் உண்டு: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டு. இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி. பர்துபாய் பெட்ஸ்பேஸில் (கட்டில் மட்டும் வாடகைக்கு) ஒன்பது பேருக்கு ஒரு பாத்ரூம் என்று நான்கு வருடம் காலந்தள்ளிய ஆய்வாளன் இதைக் கேட்டுச் சற்று நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் முதல் மூடிய கதவுக்கு இருபுறமும் சாப்பாடு. ஒரே நேரத்தில் தட்டு வைத்து, நாளுக்கு ஒரு சாண் கதவை நோக்கி நகர்த்த வேண்டும். அந்த வாசனை வந்தால் வயிறு நிறையும் என்று இரண்டும் மனதில் பதித்துக்கொள்ளுமாம். எட்டாம் நாள் கதவிடுக்கு வழியே பிஞ்சுக் கால் ஒன்று வெளியே வந்து துழாவியது. மணி அதை உற்றுப் பார்த்தாள். மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் எலிகள் புடைசூழத் தவமிருக்கும் பூனையின் முகம் அப்படியே வந்தது. பிறகு ஒரே ஒரு சீறல். கால் உள்ளே போய்விட்டது.

"அத்தான், எனக்கும் இப்படித்தானே" என்றான் மைத்துனன். "வந்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் ஃபிரிட்ஜைத் திறக்க விட்டீங்க."

ஆய்வுக்குத் தொடர்பில்லாத கூற்று என்பதால் அதை நான் பதிவேட்டில் சேர்க்கவில்லை.

பதினேழாம் நாள் கதவைத் திறந்தோம். குட்டி நேரே போய் மணியின் வாலில் விழுந்தது. மணி நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஓர் அறை விட்டாள். குட்டி மல்லாந்தது. அதன் கழுத்தை ஒரு காலால் அமுக்கி, சீறிக்கொண்டே காதை நக்கத் தொடங்கினாள். சீறுவதா நக்குவதா என்று அவளுக்கே தீர்மானமில்லை. சோபாவின் வலது பாதி புதுசுக்கு என்று அன்றிரவே பாகப்பிரிவினை ஆயிற்று.

ஆகஸ்டில் மைத்துனனுக்கு வேலை கிடைத்து அஜ்மானில் பெட்ஸ்பேஸுக்குப் போனான். மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. கீழ்க் கட்டில்காரர் எட்டு வருஷம் பழைய ஆளாம். சலாம் சொன்னாலும் முகம் திருப்புகிறாராம், இவன் சாமானைக் காலால் ஓரந்தள்ளுகிறாராம்.

"துண்டை எங்க காயப்போட்டிருக்கே?" என்று கேட்டேன்.