மாடித்திணை: குறும்பட நிலங்கள் குறித்த ஓர் ஆய்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியர், பணத்தை அதில் சேர்க்கவில்லை. கருப்பொருளிலும் உரிப்பொருளிலும் துருவிப் பார்த்தாகிவிட்டது. தயாரிப்பாளர் எங்கும் தென்படவில்லை. ஆகவே, கையில் காசில்லாமல் லொக்கேஷன் தேடி அலையும் குறும்பட இயக்குநருக்கென்றே பொருளதிகாரம் இயற்றப்பட்டது என்பது இக்கட்டுரையின் துணிபு. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இதைச் சொல்லாமல் விட்டதில் வியப்பில்லை. அவர்கள் யாரும் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி முன்னால் போய்க் கைகட்டி நின்றதில்லை.

சென்னைக் குறும்படத்தின் தலைத்திணை மொட்டைமாடி. 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2, ஸ்டில் கேமராவிலேயே படம் எடுக்கலாம் என்று காட்டியது. அடுத்து, கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றோரைக் கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பின் நகரத்தில் ஆளில்லாத மாடி அரிதாயிற்று. இத்திணையின் கருப்பொருள்கள்: சின்டெக்ஸ் தொட்டி, துணிக்கொடி, துருப்பிடித்த டிஷ், காயப்போட்ட வடகம். பறை, தண்ணீர் மோட்டார். தெய்வம், மேற்படி செக்ரட்டரி. உரிப்பொருள், ஒருவன் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து "அவ போயிட்டா மச்சி" என்பதும், இன்னொருவன் அவன் தோளைத் தட்டுவதும்.

காதல் தோல்வி ஏன் மாடியிலேயே நிகழ்கிறது? உயரம் தனிமையின் குறியீடு என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. கீழே ஹாலில் பாட்டி சீரியல் பார்க்கிறார் என்பதே உண்மைக் காரணம். பகலில் தரை சுடும். நடிகர் ஒற்றைக்காலில் சோகப்படுவார். இரவில் லைட் போட்டால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். மிஞ்சுவது மாலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரைதான். அதற்குள் அழுது, தேறி, தத்துவம் பேசி முடிக்க வேண்டும். நம் குறும்பட நாயகர்கள் இவ்வளவு சீக்கிரம் மனம் தேறுவது இதனால்தானே தவிர, முதிர்ச்சியால் அல்ல.

அடுத்தது மாமா வீடு. இதற்கு வாடகை இல்லை என்பது பரவலான மூடநம்பிக்கை. வாடகை உண்டு, ரூபாயில் இல்லை, அவ்வளவுதான். ஹாலுக்கு ஈடாக மாமா பையனுக்கு ஒரு வேஷம். பெட்ரூமும் வேண்டுமென்றால் அந்த வேஷத்துக்கு ஒரு வசனம். பேச்சிலர் ஒருவனின் தனிமையைச் சொல்லும் படத்தில், இரண்டாம் காட்சியில் ஒரு சிறுவன் கராத்தே உடையில் வந்து "அங்கிள், டயம் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனால், விமர்சகர்கள் அதைக் குழந்தைமையின் படிமம் என்று எழுதக் கூடாது. அது பெட்ரூம் வாடகை.

"தம்பி, இது எப்ப தியேட்டருக்கு வரும்?"

"யூட்யூப்லதான் மாமா."

"சரி, அதுக்கப்புறம் தியேட்டருக்கா?"

இந்த உரையாடலும் வாடகையில் சேர்ந்ததே. சிரித்த முகத்துடன் செலுத்த வேண்டும்.

மாமா வீட்டில் மாமாவைவிடக் கவனம் கோருவது ஃபிரிட்ஜ். அது ஓடினால் வசனத்துக்கு அடியில் 'ம்ம்ம்' என்றொரு சுருதி பதிவாகும். எனவே சவுண்ட் எடுப்பவர் முதலில் அதை நிறுத்துவார். அனுபவசாலிகள் அப்போதே தங்கள் வண்டிச்சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். பேக்கப் ஆனதும் சாவியைத் தேடி வந்தாக வேண்டும். வந்தால் ஸ்விட்ச் நினைவுக்கு வரும். இந்த நுட்பம் தெரியாத குழுவுக்கு மறுநாள் அத்தையிடமிருந்து போன் வரும். மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்த கதையைக் கேட்டபின், அதே வீட்டில் விட்டுப்போன ஷாட்டை எடுக்கப் போவது எளிதன்று.

அதே பெட்ரூம்தான் ஆஸ்பத்திரியும். வெள்ளை பெட்ஷீட், தலைகீழாகத் தொங்கும் குளுக்கோஸ் பாட்டில், கேமராவுக்கு வெளியே செல்போனில் ஒலிக்கும் 'பீப்'. மேஜை ஒன்று, காந்தி படம், கட்டுக் கட்டாகப் பழைய ஃபைல், ஒரு தொப்பி என்றால் போலீஸ் ஸ்டேஷன். நோயாளியும் குற்றவாளியும் ஒரே சுவரின் முன்னால் படுவதைக் கூர்ந்து நோக்குக. சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி இடம் மாறியிருக்காது.

வீட்டைவிட்டு இறங்கினால் மருதம். அதன் உரிப்பொருள் ஊடல் என்பதைத் தெருவில் ட்ரைபாடை விரிக்கும் எவரும் அறிவர். கேமராவைக் கழுத்தில் மாட்டியிருக்கும்வரை கல்யாண போட்டோகிராபர் என்று விட்டுவிடுவார்கள். மூன்று கால் விரிந்ததும் "யாரைக் கேட்டு எடுக்கிறீங்க?" என்ற வினா எழும். "காலேஜ் ப்ராஜெக்ட் சார்" என்பது தொன்றுதொட்டு வரும் விடை. நரைத்த தாடிக்காரர் சொன்னாலும் அது எடுபடுவது சமூகவியலார் கவனிக்க வேண்டிய ஒன்று.

முல்லைக்கு இருத்தல், அதாவது காத்திருத்தல். பூங்கா என்றால் மாநகராட்சி, பிளாட்பாரம் என்றால் ரயில்வே, மாமல்லபுரத்துச் சின்னங்கள் என்றால் தொல்லியல் துறை என்று அலுவலக வராந்தாக்களில் ஆற்றியிருப்பது. நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, உரி இரங்கல். இன்றும் கடற்கரைக்குப் போகிற நாயகன் பொழுது சாயும் நேரத்தில் அழத்தான் போகிறான்; திருத்தம் தேவைப்படவில்லை. குறிஞ்சிக்குப் போக வேன் வாடகை வேண்டும். ஆகவே அதை விடுகிறோம்.

இனி, இவ்வாய்வின் மையக் கருத்து. கதைக்கு இடம் தேடுவது பணக்காரர் வழக்கம். இல்லாதவரிடம் இடமே கதையைத் திருத்தி எழுதுகிறது. கெவின் ஸ்மித் தாம் வேலை பார்த்த நியூ ஜெர்சி கடையிலேயே 'கிளார்க்ஸ்' (1994) எடுத்தார். பகலில் கடையில் வியாபாரம், எனவே ஷூட்டிங் இரவில். கதையோ பகலில் நடப்பது. ஷட்டரைத் திறந்தால் இருட்டு தெரிந்துவிடுமே? பூட்டில் யாரோ சூயிங்கம்மை அப்பிவிட்டார்கள், ஷட்டர் திறக்கவில்லை என்று கதையில் ஒரு வரி சேர்த்தார். ராபர்ட் ரோட்ரிகஸ் ஏறத்தாழ 7,000 டாலரில் 'எல் மரியாச்சி'யை (1992) முடித்தது, தெரிந்தவர்களிடம் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்து, அதற்கேற்பக் கதை கட்டித்தான். சத்யஜித் ராய்க்கு இடத்தை மாடு திருத்திக் கொடுத்தது: 'பதேர் பாஞ்சாலி'க்காக 1952இல் நாணற்பூக் காட்டில் ஒரு ஞாயிறு எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு போனால், பூவை மாடுகள் மேய்ந்து முடித்திருந்தன. மீண்டும் பூக்கும்வரை காத்திருந்தார். மாமா பையனுக்கு வசனம் தரலாம். மாட்டுக்கு என்ன தருவது?

எஞ்சியது பாலை. அதற்குத் தொல்காப்பியர் தனி நிலம் ஒதுக்கவில்லை. உரிப்பொருள் மட்டும் பிரிவு என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷூட்டிங் இருக்க, முதல்நாள் இரவு பத்து மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்து, "தப்பா நினைக்காதீங்க தம்பி, சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க" என்பதே பாலை. கேமராவுக்கு வாடகை கட்டியாயிற்று. ஹீரோயின் அடுத்த வாரம் பெங்களூருக்குப் பிரிகிறார். அந்த இரவில் எழுதப்படும் திரைக்கதைகளில் நாயகனும் நாயகியும் காரைவிட்டு இறங்குவதேயில்லை. காரும் பார்க்கிங்கைவிட்டு நகராது. ஒருவர் பின்னால் நின்று பம்பரை அமுக்கி அமுக்கி விடுவார். இன்னொருவர் டார்ச்சைக் கண்ணாடியின் குறுக்கே விட்டு விட்டு ஓட்டுவார். திரையில் அது ஈசிஆர்.