சீல் வைக்கும் வைபவம்

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி நாலு மாடி கட்டுகிறார். சட்டம் என்ன செய்யும்?

பதில்: முதலில் நோட்டீஸ், பிறகு சீல். அதற்குள் கிரகப்பிரவேசமே முடிந்திருக்கும். பணம் கட்டினால் பாவம் கழியும் வழியும் இங்கே உண்டு: 2007 ஜூலை 1-க்கு முந்தைய மீறல்களை வரன்முறைப்படுத்தத் தமிழகத்தில் சட்டத்தையே திருத்தினார்கள். ஆனால் நொய்டாவில் அது செல்லவில்லை. விதிமீறிக் கட்டிய, ஏறக்குறைய 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, 2022 ஆகஸ்ட் 28-இல் சில நொடிகளில் தூளாயின. இடிப்புச் செலவு கட்டியவர் தலையில். வீடு வாங்கியவர்களுக்குப் பணம் 12 சதவீத வட்டியோடு வாபஸ். (பண்டைய மன்னன் ஹமுராபி காலமென்றால், வீடு இடிந்து உரிமையாளர் செத்தால் கொத்தனாருக்கும் மரணம்தான்!) கான்கிரீட் காய்வதற்குள் புகார் எழுதிவிடுங்கள்.