ஏழரையிலிருந்து எட்டரைக்கு

அந்தக் காலத்தில் திருப்பதியில் ஸ்கேட்போர்டுக்கு அகலம் கிடையாது. விலை மட்டும்தான் உண்டு. பொம்மைக் கடைக்காரர் பரண்மேலிருந்து ஒன்றை இறக்கித் தூசி தட்டுவார். பிளாஸ்டிக் சக்கரம், அடியில் நெருப்பு கக்கும் டிராகன். பேரம் படிந்தால் அதுதான் நம் அளவு.

இன்று அக்கா மகன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. "மாமா, பலகை அகலம் எட்டா, எட்டேகாலா?" இரண்டுக்கும் நடுவே கால் அங்குலம், சுமார் 6 மில்லிமீட்டர். பெண் பார்க்கும் படலம்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு இழுத்ததில்லை.

அகலம் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஸ்கேட்போர்டு நட்சத்திரம் டோனி ஹாக் பெயரில் வந்த கணினி விளையாட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. 1980களில் அமெரிக்கர்கள் தண்ணீர் வற்றிய நீச்சல் குளங்களிலும் சரிவுகளிலும் ஓட்டியது 10 அங்குலப் பலகை. 1990களின் தொடக்கத்தில் தெருவுக்கு வந்து, பலகையைக் காலடியிலேயே சுழற்றிப் பிடிக்கும் வித்தைகளில் இறங்கியதும் அது ஏழரைக்கு இளைத்தது. சக்கரமும் 40 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. சுழல வேண்டியது சிறுத்தால்தானே காலுக்கு லேசு! அங்கே அந்த மோகம் அடங்கிய பிறகு, எனக்கு ஏழரைப் பலகை பெங்களூர் வழியாக வந்து சேர்ந்தது. "ஏழரையைக் காசு கொடுத்து வாங்கின ஒரே ஆளு நீதான்டா" என்றாள் அம்மா.

என் பாதம் பத்தாம் நம்பர். முன்னே விரல் தொங்கும், பின்னே குதிகால் தொங்கும். பலகை கனடா மேப்பிள், ஏழு மெல்லிய அடுக்குகளை ஒட்டி அழுத்தியது. செம்மரம் வளரும் சேஷாசல மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு கனடா மரத்துக்குக் காத்திருந்தோம். செம்மரத்தில் செய்யலாமே என்று யாராவது கிளம்பினால், சக்கரம் பூட்டும் முன்பே கையில் விலங்கு பூட்டிவிடுவார்கள்.

அந்தக் குட்டிச் சக்கரம் எங்கள் தெருவில் ஒரு ஜல்லியைக் கண்டால் போதும், நின்றுவிடும். நான் மட்டும் போய்க்கொண்டிருப்பேன்.

பிறகு எட்டு, எட்டேகால், கடைசியில் எட்டரை. உலகமும் இதற்குள் அகன்றுவிட்டது. பெங்களூரில் 2013-இல் இலவச ஸ்கேட் பார்க் வந்தது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தெரு, பார்க் என இரண்டு பிரிவுகளில் பதக்கமே கொடுத்தார்கள். மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பற்றிய குறும்படம் 2020-இல் பாஃப்டா விருதுப் பரிந்துரைப் பட்டியலில் ஏறியது. வெறுங்காலோடு, கவுன் பறக்கச் சரிவில் இறங்குகிற அவள் புகைப்படத்தை டோனி ஹாக்கே பகிர்ந்தார். அவளுக்குப் பலகை பரிசாக வந்தது. வந்த அகலத்தில் ஏறிக்கொண்டாள்.

எட்டரையில் என் பாதம் வசதியாக உட்காருகிறது. சக்கரங்களைத் தாங்கும் அச்சும் பலகையின் விளிம்புக்குச் சரியாக நிற்கிறது. அது உள்ளே ஒடுங்கியிருந்தால், ஓரத்தில் மிதித்ததும் பலகை கவிழப் பார்க்கும். இப்போது நான் பலகையைச் சுழற்றுவதில்லை, முழங்கால் அனுமதிப்பதில்லை. வேண்டியதெல்லாம் பல்கலைக்கழகப் பக்கம் மாலையில் ஒரு நேர் ஓட்டம். அதைச் சாத்தியமாக்கியதுகூட இத்தனை காலம் தேடிய அகலம் அல்ல. 60 மில்லிமீட்டரில், அழிப்பான் போல மெத்தென்ற சக்கரம். ஜல்லியை அது விழுங்கிக்கொண்டு போகிறது.

இதையெல்லாம் பையனிடம் விளக்கினேன். "கால் அங்குலத்தை அப்புறம் பாத்துக்கலாம்டா. முதல்ல நம்ம தெருவைப் பாரு."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"தெரு அகலம்தான் மாமா. நடுவுல மாடு படுத்திருக்கு."