ஆடி மாதமும் 4 ஓமும்

பவர்டு மிக்ஸருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. பாஸிவ் ஸ்பீக்கரில் இல்லை. ஆகவே இடையில் தடித்த ஸ்பீக்கர் ஒயர் ஓட வேண்டும். ஆடியில் தாம்பரம், சேலையூர் பக்கத்து அம்மன் கோயில் பந்தல்களில் கைக்குக் கிடைத்த மைக் ஒயரும் ஓடும். அது சூடானால் அம்மன் பார்த்துக்கொள்வாள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக இணைத்தால் 4 ஓம். பல மிக்ஸர்களுக்கு அதுதான் கீழ் எல்லை. விழாக் கமிட்டியோ பின்தெருவுக்கும் இரண்டு கேட்கும்; நான்கும் பேரலலாகி வரும் 2 ஓமில் மிக்ஸர் மௌன விரதம் பூணும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ப்ளஸ், மைனஸ் மாறினால் பாஸ் மெலியும். வால்யூமைக் கூட்ட அதுவே போதிய காரணம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’கிலேயே அது தாண்டப்பட்டுவிடும்.